டோன் போயட் என்று சொல்லி விற்கப்படும் போலி ஜாஸ் இசைத்தட்டுகள்: கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வாங்குவோர் கவனத்துக்கு

கொழும்பிலிருந்து ஃபேஸ்புக் பக்கம் ஒன்றின் மூலம் ஜாஸ் மறுபதிப்புத் தட்டுகள் விற்கும் ஒருவர், வன்னிக்குள் பஸ் பார்சலில் தட்டு அனுப்புகிறார். அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுக் கொம்பனியான ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுபதிப்பு வரிசை என்று சொல்லி ஒரு தட்டுக்கு 26,000 ரூபா வாங்கினார். நாங்கள் சேர்ந்து எடுத்த நான்கில் ஒன்றுகூட டோன் போயட் இல்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் அவருடைய பெயரையும் பக்கத்தின் பெயரையும் இங்கே போடவில்லை. ஆனால் அதே தட்டுகளை இன்னும் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். ஆகவே என்ன வந்தது, எப்படிக் கண்டுபிடிப்பது, காசு கட்ட முதல் எதைக் கேட்பது என்பதை விபரமாக எழுதுகிறோம்.

முதலில் டோன் போயட் என்றால் என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும். 2019 இல் தொடங்கிய வரிசை. ஜோ ஹார்லி மேற்பார்வை, கெவின் கிரே மாஸ்டரிங் (டேப்பின் ஒலியைச் சீர்செய்து தட்டுக்கான தடம் வெட்டும் வேலை). மூல டேப்பிலிருந்து இடையில் டிஜிட்டல் எதுவும் இல்லாமல் நேரடியாக வெட்டப்பட்டு, கலிஃபோர்னியாவில் ஆர்.டி.ஐ. ஆலையில் அழுத்தப்படுகிறது. உறை விரித்துத் திறக்கும் இரட்டை மட்டை, உள்ளே பெரும்பாலும் ப்ளூ நோட்டின் படப்பிடிப்பாளர் பிரான்சிஸ் வுல்ஃப் அந்த ஒலிப்பதிவின்போது எடுத்த படங்கள் இருக்கும். அமெரிக்காவில் ஒற்றைத் தட்டு சுமார் 40 டொலர். அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் 26,000 என்பது நம்பக்கூடிய விலைதான். ஏமாற்றத்தின் பலமே அதில்தான் இருக்கிறது. மலிவாகப் போட்டிருந்தால் எவரும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

வந்தவற்றில் மூன்று, ஐரோப்பாவில் அச்சான மலிவுப் பதிப்புகள். அவை திருட்டுத் தட்டுகள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963 க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பிறகு காலத்தை 70 வருடமாக நீட்டினாலும், ஏற்கனவே முடிந்தவை திரும்பவும் காப்புரிமைக்குள் வரவில்லை. அதனால் ஐம்பதுகளின் ஜாஸை அங்கே எவரும் சட்டப்படி அச்சடிக்கலாம். ஆனால் மூல டேப் அவர்கள் கையில் இல்லை. பெரும்பாலும் ஒரு சீடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே பதினைந்து யூரோ அளவில் கிடைக்கும் தட்டு அது. அதை அந்த விலைக்கு, அதுவென்று சொல்லி விற்றால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வேறு ஸ்டிக்கர் ஒட்டி டோன் போயட் விலைக்கு விற்றதுதான் குற்றம்.

நான்காவது, சாக்சஃபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’. இதன் மோனோ (ஸ்டீரியோ அல்லாத) டோன் போயட் 2022 இல் வந்தது. வந்து சேர்ந்த தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உறை ஒற்றை மட்டை. கேட்டபோது, “அண்ணை, இது ஆசியாவுக்கு வாற பதிப்பு, அதுதான் சிங்கிள் கவர்” என்றார். டோன் போயட் நாட்டுக்கு நாடு உறை மாற்றி வருவதில்லை. உண்மையான உறையில் தடித்த மட்டையின் மேல் அச்சிட்ட தாள் தனியாக ஒட்டப்பட்டு, வாய்ப்பக்கத்தில் உள்ளே மடிந்திருக்கும். விரலை விட்டுப் பார்த்தால் அந்த மடிப்பின் விளிம்பு தட்டுப்படும். வந்ததில் மட்டையின் மேலேயே நேரடியாக அச்சு. பின்பக்கச் சிறிய எழுத்துகளின் ஓரம் பிசிறடித்திருந்தது, கோல்ட்ரேனின் படத்தில் நுணுக்கமான கட்டக் கோலம் ஓடியது. அச்சான ஓர் உறையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் வரும் அடையாளம் இது. நகைக்கடைத் தராசில் வைத்தபோது 134 கிராம்; ஸ்டிக்கரில் 180 என்று போட்டிருந்தது. நிறையால் ஒலியின் தரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 120 கிராமிலும் அருமையான தட்டுகள் உண்டு. ஆனால் 180 என்று ஒட்டிவிட்டு 134 வந்தால், மற்ற வாக்குகளையும் சோதிக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி டெட் வாக்ஸ். கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபலுக்கும் இடையில் வெறுமையாகப் பளபளக்கும் வளையத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். கைபேசி டோர்ச்சைத் தட்டுக்குக் கிட்டத்தட்டக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுற்றினால் கீறிய எழுத்துகள் வெளிச்சமாகும். டோன் போயட் தட்டில் பட்டியல் இலக்கத்தோடு ‘கே.பி.ஜி. அட் சி.ஏ.’ என்ற ஆங்கில எழுத்துகள் கையால் கீறப்பட்டிருக்கும். அது கெவின் கிரேயும் அவருடைய கோஹியரன்ட் ஓடியோவும். பக்கத்தில் ஆர்.டி.ஐ. ஆலையின் வேலை இலக்கம் வரும்: சில இலக்கங்கள், ஒரு புள்ளி, ஓர் இலக்கம், பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு சிறிய இலக்கம். எங்களிடம் வந்த ஐரோப்பியத் தட்டுகளில் இருந்தது, நடுவில் ‘ஈ’ எழுத்து வரும் செக் நாட்டு ஆலை இலக்கம். அந்த ஆலை நல்ல தட்டும் அழுத்தும், இலக்கம் குறையல்ல. ஆனால் டோன் போயட் அங்கே அழுத்தப்படுவதில்லை. ‘ப்ளூ ட்ரெய்ன்’ தட்டில் இயந்திரத்தால் பொறித்த ஒரு இலக்கம் மட்டும், எவருடைய கையெழுத்தும் இல்லை.

மற்ற வரிசைகளுக்கும் இதே முறைதான். ப்ளூ நோட்டின் கிளாசிக் வினைல் வரிசையும் கெவின் கிரே வெட்டியது, ஆனால் ஜெர்மனியின் ஒப்டிமல் ஆலையில் அழுத்துவது, ஒற்றை உறை, விலையும் குறைவு. அதை டோன் போயட் விலைக்குத் தள்ளப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒலியில் அது பெரிதாகப் பின்தங்காது. காசு மட்டான ஒருவருக்கு நாங்கள் முதலில் சொல்வதே அந்த வரிசையைத்தான். வேர்வ் கொம்பனியின் அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசையில் பெரும்பாலும் வெட்டியவரான ரயன் ஸ்மித்தின் ‘ஆர்.கே.எஸ்.’ இருக்கும், அழுத்துவது கான்சாஸில் கியூ.ஆர்.பி. ஆலை. 1966 க்கு முந்திய ப்ளூ நோட் அசல் என்று எவராவது காட்டினால் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ‘ஆர்.வி.ஜி.’ அல்லது ‘வான் கெல்டர்’ முத்திரையையும், பிளாஸ்டிலைட் ஆலையின் காது போன்ற குறியையும் தேடுங்கள். முத்திரை மட்டும் இருந்து காது இல்லையென்றால் அது பிற்காலத்தில் அழுத்தியது, அசல் விலைக்குப் போகாது.

ஒலி பற்றி முறையிட்டபோது அவர் சொன்ன பதில் இது: “உங்கட பிளேயரிலதான் பிழை.” இந்தச் சாட்டு எல்லோருக்கும் வரும், ஆகவே அதற்கு முதலே உங்கள் கருவியைச் சரிபார்த்து வைத்திருங்கள். ஊசியின் அழுத்தத்தை டிஜிட்டல் தராசால் பாருங்கள். இங்கே பலரிடம் இருக்கும் ஓடியோ டெக்னிக்கா வீ.எம்.95.ஈ என்றால் 2.0 கிராம், 1.8 இலிருந்து 2.2 வரை போகலாம். வேகத்துக்கு 3150 ஹேர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைத் தட்டும், அதை அளக்க ஒரு கைபேசியும் போதும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய பெல்ட் டேர்ன்டேபிள் என்றால் கவனம்: ட்ரான்ஸ்போமர் வைத்து 230 வோல்ற்றை 120 ஆக்கினாலும், மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் மாறாது. மின்சாரத்தின் ஹேர்ட்ஸை வைத்தே வேகம் பிடிக்கும் சின்க்ரனஸ் மோட்டார், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்ததென்றால், அதில் மெதுவாகத்தான் ஓடும். 33⅓ சுற்று ஏறக்குறைய 27.8 ஆகிவிடும். 50 ஹேர்ட்ஸுக்கான கப்பி மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் தட்டைக் குறை சொன்னால் விற்றவர் பக்கம் நியாயம் போய்விடும்.

கருவி சரியென்றால் தட்டைப் பாருங்கள். ‘ப்ளூ ட்ரெய்ன்’ முதற்பக்கத்தின் இரண்டாவது பாட்டில் போல் சேம்பர்ஸ் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வில்லால் இழுத்து ஒரு தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார். நல்ல பதிப்பில் வில்லின் மயிர் கம்பியில் உரசும் கரகரப்பு ஒவ்வொரு இழுப்பிலும் கேட்கும். வந்த தட்டில் அது வழவழவென்று ஒரு முணுமுணுப்பாகிவிட்டது. டேப்பின் இரைச்சலைக் குறைக்கிறோம் என்று மென்பொருளை இறுக்கிப் பிடித்தால் முதலில் போவது இந்தக் கரகரப்பும் சிம்பல் அடங்கும் வாலும்தான். டிரம்ஸ் வாசிக்கும் ஃபில்லி ஜோ ஜோன்ஸின் சிம்பல் ஒவ்வொரு தட்டலிலும் பாதியில் வெட்டுப்பட்டதுபோல் நின்றது.

காதால் சொன்னால் விற்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார். லாப்டொப்பில் படமாகக் காட்டலாம். ஊசியின் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பிரீஅம்பிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் வழியாக ஓடாசிட்டி என்ற மென்பொருளில் 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ட்ராக் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் (எத்தனை ஹேர்ட்ஸ் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) தெரிவுசெய்து, மேல் எல்லையை 48,000 ஆக்குங்கள். தட்டின் வெளிவிளிம்புப் பாட்டையே எடுங்கள். உள்வட்டத்தில் எந்தத் தட்டிலும் மேற்சுரம் இயல்பாகவே தேயும். எங்கள் ‘ப்ளூ ட்ரெய்ன்’ இரண்டு பக்கத்திலும் 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. குறைந்த பிட் விகித எம்.பி.3 கோப்பு அப்படித்தான் நிற்கும். அதாவது பெரும்பாலும் சீடிகூட இல்லை, இணையத்தில் இறக்கிய கோப்பு ஒன்றைத் தட்டில் ஏற்றியிருக்க வேண்டும். ஒரு கவனம்: 22 கிலோஹேர்ட்ஸ் அளவில் தேய்வதை வைத்து மட்டும் சீடி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஊசியின் திரிபு அதற்கு மேலும் சத்தம் உண்டாக்கும், அனலாக் தட்டும் அங்கே வெறுமையாக இருக்கலாம். 16 இல் கத்தியால் வெட்டியதுபோல் நிற்பதுதான் வலுவான அடையாளம்.

டிஜிட்டல் என்றாலே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2022 ஜூலையில், பல காலம் அனலாக்கின் உச்சம் என்று கொண்டாடப்பட்ட மொபைல் ஃபிடெலிட்டி கொம்பனி, மூல டேப்பை டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் வடிவத்தில் ஏற்றி அதிலிருந்து பல தட்டுகளை வெட்டியதாக ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கும் நடந்தது. அந்தத் தட்டுகள் நேற்றுவரை நன்றாகக் கேட்டன, மறுநாளும் அப்படியேதான் கேட்டன. வாங்கியவர்களின் கோபம், எதிலிருந்து வெட்டப்பட்டது என்று தெளிவாகச் சொல்லாததில். காது தேர்ந்தவர்களுக்கே பிடிபடாத வித்தியாசம் என்றால், மூலம் எது என்று விற்பவர் சொல்லும் சொல்லுக்குத்தான் நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம். அந்தச் சொல் பொய்யானால் காசு திரும்ப வர வேண்டும்.

ஆகவே காசு கட்ட முதல் இவற்றைக் கேளுங்கள். இரண்டு பக்க டெட் வாக்ஸின் படம், அன்றைய திகதி எழுதிய துண்டு பக்கத்தில் தெரிய. சீல் உடைக்க முடியாது என்றால் பின்னட்டையின் அடிப்பகுதிச் சிறிய எழுத்துகள், முதுகு, பார்கோட் மூன்றின் படம். ப்ளூ நோட்டின் தாய்க் கொம்பனியான யூனிவேர்சலின் வெளியீடுகளில் பார்கோட் பெரும்பாலும் 602 இல் தொடங்கும். “ஒரிஜினல் டேப்பிலிருந்து ரீமாஸ்டர்” என்ற வசனத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. வெட்டியவரின் பெயரும் ஆலையின் பெயரும் இல்லாத ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். சீலைப் பொறுத்தவரை, தளர்ந்து பை போல நிற்கும் பிளாஸ்டிக், பிறகு எவரோ போட்டதாக இருக்கக்கூடும்.

அனுப்புவது பற்றியும் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வந்தவற்றில் தட்டுகள் உறைக்குள்ளேயே இருந்ததால் இரண்டு உறைகளின் அடித்தையல் பிளந்துவிட்டது. தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் இரண்டிரண்டு நெளிமட்டை, நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக. ஏ9 வழியாக வரும் பஸ்ஸில் எஞ்சின் மூடியின் மேலோ அடிப்பெட்டியிலோ போட்டால், முறிகண்டியில் பஸ் நிற்கும் நேரத்து வெயிலே போதும். 60 பாகை செல்சியஸ் கிட்டவே வினைல் இளகத் தொடங்கிவிடும். இரவு பஸ்ஸில், நிமிர்த்தி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வளைந்து வந்த தட்டை வெயிலில் கண்ணாடிகளுக்கிடையில் வைத்து நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். வளைவு போகலாம், தடங்களும் சேர்ந்து போகும். தூசியோடு வந்தால் கிணற்றுத் தண்ணீரில் கழுவக் கூடாது, எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு தடத்துக்குள் காய்ந்து வெடிச் சத்தமாகும். பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த நீர் வாங்குங்கள்.

பார்சலை வெட்டும் முதல் வெட்டிலிருந்து டெட் வாக்ஸ் வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். எங்களிடம் அது இருந்ததால்தான் “நான் அனுப்பினது வேற தட்டு” என்ற கதை நிற்கவில்லை. இப்போது அரைவாசிக் காசு தருகிறேன், தட்டுகளை முதலில் அனுப்புங்கள் என்கிறார். சம்மதிக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்திலேயே கொடுங்கள். வங்கிப் பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், அவர் “டோன் போயட்” என்று எழுதிய உரையாடல், டெட் வாக்ஸ் படங்கள், தராசில் வைத்த படம் ஆகியவற்றை இணைத்து, எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். முழுக் காசும் கணக்கில் விழும்வரை தட்டுகளைக் கைவிட வேண்டாம். சாட்சி அவைதான்; திரும்பப் போனால் வேறொருவருக்கு அதே ஸ்டிக்கரோடு விற்கப்படும்.