பாய் கடை தபால் கார்டுகள்: கண்ணாடிக்குள் இருப்பதை விடுங்கள், டின்னைக் கேளுங்கள்

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய காசு, செல்லாத நோட்டு, பித்தளைப் பூட்டு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது. மளிகை மண்டி ஆட்களிடம் 'பழைய காசு பாய்' என்று கேட்டால் கை காட்டுவார்கள். தபால் கார்டு சேர்க்கிற குடியாத்தம் நண்பர் ஒருவர், அங்கே போனால் தேறுமா என்று கேட்டார். தேறும். ஆனால் பாய் எதைப் பெருமையாகக் காட்டுகிறாரோ அதில் தேறாது.

அவர் காட்டுவது படம் போட்ட கார்டுகள். கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம், கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள். ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் க்ளைன் போன்ற மெட்ராஸ் கம்பெனிகள் அந்தக் காலத்தில் போட்டவை. 800 ரூபாயில் ஆரம்பித்து 2,500 வரை சொல்கிறார். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், அமெரிக்கப் பாதிரிமார்களின் ஆற்காடு மிஷன் காலத்துக் கார்டு என்றால் பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார்களாம். அதனால் நமக்கும் இறங்க மாட்டேன் என்கிறார்.

விலையாவது போகட்டும். ஒரு கோபுரக் கார்டின் உறையில் '1895' என்று எழுதி ஒட்டியிருந்தார். பின்பக்கம் திருப்பினால் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சேதிக்கு, வலப்பக்கம் விலாசத்துக்கு என்று பிரித்திருக்கிறது. பின்பக்கத்தில் சேதி எழுத பிரிட்டனிலேயே 1902இல்தான் அனுமதி வந்தது. மற்ற நாடுகள் அதற்குப் பிறகுதான் பின்தொடர்ந்தன. அதுவரை பின்பக்கம் முழுக்க விலாசம் மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி எழுத வேண்டும். 1895க்கு எங்கிருந்து வந்தது கோடு? இன்னும் இரண்டு கார்டுகள் சமீபத்தில் அச்சடித்தவை. கள்ள நோட்டு பார்க்கிற நீல விளக்கை அடித்தால் பளீரென்று வெளுக்கின்றன. காகிதத்தை அப்படி மின்ன வைக்கும் ரசாயனம் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. பாயிடம் சொன்னேன். "நம்மள்க்கு வந்தது அப்படியே வெச்சிக்கிறேன் சார், நான் இன்னா பிரஸ்ஸா வெச்சிக்கிறேன்?" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் உறையில் இருந்த வருஷத்தை அவர் அழிக்கவில்லை.

இனி டின். கல்லாவுக்குக் கீழே பெரிய பிஸ்கட் டின் ஒன்று. அதற்குள் அரசாங்கக் கார்டுகள், எழுதி, முத்திரை குத்தி, போய்ச் சேர்ந்தவை. ஒன்று 20 ரூபாய். இந்தியாவில் தபால் கார்டு 1879 ஜூலை 1 அன்று வந்தது, விலை காலணா. விக்டோரியா தலை போட்ட அந்தப் பழுப்புக் கார்டிலிருந்து, 5 நயா பைசா கார்டு, புலிப் படம் போட்ட 15 பைசா கார்டு வரை டின்னில் கிடக்கின்றன. விக்டோரியாவுக்கு மட்டும் 300 கேட்கிறார். லட்சக்கணக்கில் விற்ற சாதாரணக் கார்டு அது. அந்த விலைக்கு வேண்டாம்.

நான் தபாலாபீஸ் கவுண்டரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். (பாய் என்னை 'போஸ்ட்மாஸ்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார். திருத்துவதில்லை.) எனக்கு முதலில் கண் போவது முத்திரைக்கு. போளூரில் போட்ட ஒரு கார்டு, மறுநாளே வேலூர் முத்திரை வாங்கியிருக்கிறது. விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜில் வந்திருக்கும். அப்பா, வேலூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிற பையனுக்கு எழுதியது. தலையில் பிள்ளையார் சுழி, 'க்ஷேமம், க்ஷேமத்துக்கு எழுதவும்', பிறகு 'இப்பவும்' என்று விஷயத்துக்கு வருகிறார். மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறார், பையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இடம் தீர்ந்ததும் கார்டைப் பக்கவாட்டில் திருப்பி ஓரத்தில் ஒரு வரி: பரீட்சை என்னவாயிற்று என்று நீ இன்னும் எழுதவில்லை. மல்லாட்டைப் பைக்கு நாலு வரி, பரீட்சைக்கு ஓரத்தில் ஒரு வரி. எந்தக் கோபுரப் படத்தில் கிடைக்கும் இது?

இன்னொரு சமாச்சாரம். மூலையில் மஞ்சள் தடவிய கார்டுகளை பாய் 'டேமேஜ்' என்று தனியாகக் கட்டி 10 ரூபாய்க்குத் தள்ளுகிறார். படம் சேர்ப்பவர்கள் கறை என்று ஒதுக்கிவிடுவார்களாம். நிச்சயம், சீமந்தம், பெண் சடங்கு என்று நல்ல சேதி சொன்ன கார்டுகள் அத்தனையும்! கறுப்பு மை தடவிய மூலையோடு ஒன்றே ஒன்று அகப்பட்டது. சாவுச் சேதிக் கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவதுதான் வழக்கம், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். எந்த வீட்டில் யார் மனசு வராமல் வைத்திருந்தார்களோ. அதற்கும் 20 ரூபாய்தான். ரிப்ளை கார்டு ஜோடி (எழுத ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று ஒட்டி விற்றது) ஒன்றும் பிரிக்காமல் இருந்தது. கேள்வி போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில் கார்டு வெற்றாக ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

டின்னில் 'நார்த் ஆற்காடு' என்று ரப்பர் பேண்டு போட்ட கட்டில் சித்தூர், சந்திரகிரி, திருப்பதி எல்லாம் வரும். கலந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவுக்குச் சித்தூர்தான் தலைநகர், பிறகுதான் வேலூருக்கு வந்தது. விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. முத்திரை அழிந்த கார்டுக்குக் காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்ல இது உதவும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், படக் கார்டு ஒன்று நானும் வாங்கினேன். கல்யாண மண்டபம், ஆள் நடமாட்டமே இல்லாமல். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கே கொண்டுபோய் அதே கோணத்தில் நிற்கப் பார்த்தேன். பிரதோஷக் கூட்டத்தில் முடியவில்லை. படம் எடுத்த காலத்தில் அங்கே மூலவர் கிடையாது. 1981இல்தான் திரும்ப லிங்கம் வைத்தார்கள். 'சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு' என்று வேலூரைக் கேலி பேசியதில் பாதி அன்றோடு பொய்யானது. பாலாறு மட்டும் மழைக்காலம் தவிர அப்படியேதான் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். கடையில் வெளிச்சம் போதாது, லென்ஸும் டார்ச்சும் கொண்டு போங்கள். பில் தர மாட்டார், ஜி.பே. உண்டு. டின்னை ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாகக் கிளற விடுவார், டீயும் சொல்வார். கார்டைப் போனில் படம் எடுக்க மட்டும் காசு கொடுத்த பிறகுதான் அனுமதி. எடுத்தால் விலாசத்தை மறைத்துவிட்டு நாலு பேருக்குக் காட்டுங்கள், அந்தத் தெருவில் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கக்கூடும். மஞ்சள் கட்டில் பாதியை நான் எடுத்தாயிற்று, மீதி இருக்கிறது.