முதல் ஜெட்: பால்சா கிட்டா, ஃபோமா?

ரிமோட்டில் ஓட்டும் புரொப்பெல்லர் மாதிரி விமானத்தை ஓரளவு நன்றாக ஓட்டப் பழகியதும் மனம் ஜெட் பக்கம் போகும். அப்போது வரும் கேள்வி இது: ஃபோம் ஜெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிப் பறப்பதா, பால்சா என்னும் இலேசான மரத்தில் வரும் கிட் வாங்கி நாமே கட்டுவதா? என்னிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டிலும் 70 மி.மீ. ஈடிஎஃப், அதாவது குழாய்க்குள் சுழலும் மின்விசிறி. பேட்டரியும் ஒன்றுதான், 6எஸ் (ஆறு செல்) 4000 எம்ஏஹெச். இறக்கைப் பரப்பில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பேட்டரியோடு தராசில் வைத்தால் ஃபோம் 1,750 கிராம், பால்சா 1,350 கிராம்.

இந்த 400 கிராமில் ஒரு பங்கு சக்கரங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபோமில் மடங்கும் சக்கரங்கள், விளக்குகள், பிளாஸ்டிக் அலங்காரங்கள் எல்லாம் உண்டு. பால்சாவில் எதுவும் கிடையாது. ரப்பர் கயிற்றை இழுத்துத்தான் ஏவ வேண்டும், புல்லில் வயிற்றால்தான் இறங்கும். நல்ல தார் ஓடுதளம் பக்கத்தில் இருப்பவருக்கு ஃபோம் வசதி. புல்தரைதான் என்றால் அந்தச் சின்னச் சக்கரங்கள் ஒவ்வொரு முறையும் சிக்கும்.

வித்தியாசம் இறங்கும்போதுதான் தெரியும். ஒரே பரப்புள்ள இறக்கையில் எடை கூடினால், விமானம் விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். இங்கே அது சுமார் 14 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் எடையும் அதிகம், வேகமும் அதிகம் என்பதால் தரையைத் தொடும்போது ஃபோம் ஜெட் சுமக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 1.7 மடங்கு. தப்பான இறக்கத்தில் மூக்கு நசுங்குவதும் நசுங்காததும் இதைப் பொறுத்துத்தான்.

அப்புறம் இன்னொன்று. புரொப்பெல்லர் விமானத்தில் மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தட்டினால் காற்று உடனே வாலின் மேல் அடிக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு உயிர் வரும். ஈடிஎஃப்பில் அந்தக் காற்று குழாய் வழியாக நேரே பின்னால் போய்விடுகிறது. விசிறி வேகம் பிடிக்கவும் ஒரு நொடி எடுக்கும். நான் பழைய பழக்கத்தில் இறங்கும்போது த்ராட்டிலை முழுவதும் மூடி, ஃபோம் ஜெட்டின் மூக்கைத் தரையில் குத்தினேன். மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலோடு ஓடுதளம் வரை கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் குறைக்க வேண்டும். பால்சாவும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான், ஆனால் மெதுவாக வருவதால் யோசிக்க நேரம் கொடுக்கிறது.

பழுதுபார்ப்பதில் ஃபோமை மெச்சத்தான் வேண்டும். நசுங்கிய அந்த மூக்கின் மேல் கொதிநீர் ஊற்றியதும் ஈபிஓ வகை ஃபோம் உப்பி, முக்கால்வாசி பழைய வடிவத்துக்கே வந்துவிட்டது. அன்று மாலையே பறந்தேன். பால்சா அடிபட்டால் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் ஃபிலிமை உரித்து, உள்ளே உடைந்த ரிப்பை, அதாவது இறக்கையின் குறுக்குச் சட்டத்தை, அறுத்தெடுத்து, புதிது செய்து ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் போய்விடும். ஆனால் ஒட்டிய இடம் புதிதுபோலவே இருக்கும். ஃபோமில் ஒவ்வொரு பழுதுக்கும் கொஞ்சம் பசையும் கொஞ்சம் கோணலும் சேர்ந்துகொண்டே போகும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் வால் வளைவதும் உண்டு. மழைக்காலத்து ஈரத்தில் பால்சாவின் மேல் ஃபிலிம் தொய்ந்து சுருக்கம் விழும். அயர்ன் வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.

கட்டுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனுள்ள பால்சா ஷீட்டுகளைச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்று 20 கிராம் காட்டும், பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்று 40 காட்டும். இலேசானவை வாலுக்கு, கனமானவை இறக்கையின் நடுச்சட்டத்துக்கு. வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் பதில் எடை வைக்க வேண்டியிருக்கும் என்பதால் இந்தப் பிரிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சூப்பர் குளூ வகையான சிஏ பசை சட்டென்று பிடிக்கும். ஆனால் வெளித்தோல் இணைப்புகளில் அது கல்லாக இறுகி, உப்புத்தாள் போடும்போது பக்கத்து மரம் மட்டும் தேய்ந்து பள்ளமாகும். விசிறியைத் தாங்கும் பிளைவுட்டுக்கு எபாக்ஸிதான்.

பின்பக்கக் காற்றுக்குழாயை நான் பழைய ஓஹெச்பி ஷீட்டை, அதாவது ப்ரொஜெக்டருக்கான தெளிவான பிளாஸ்டிக் தாளை, சுருட்டிச் செய்தேன். விசிறியின் நடுக்குமிழைக் கழித்தால் காற்று போகும் பரப்பு சுமார் 29 சதுர செ.மீ.; வெளித்துவாரம் அதில் 85 முதல் 90 சதவீதம், அதாவது ஏறத்தாழ 57 மி.மீ. வட்டம். இன்னும் குறுக்கினால் உந்துவிசை விழும், அகலமாக்கினால் வேகம் போய்விடும். ஃபோம் ஜெட்டில் இதையெல்லாம் யாரோ முடிவுசெய்து கொடுத்துவிடுகிறார்கள். நாமே ஷீட்டைச் சுருட்டி, டேப் ஒட்டி, மோட்டாரை ஓட்டி அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்கும் சந்தோஷம் அதில் கிடையாது.

மண்ணெண்ணெயில் ஓடும் குட்டி ஜெட் இயந்திரமான டர்பைன் பற்றியும் கேட்பார்கள். ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறையில் செய்த டர்பைனின் கம்ப்ரெசர் சக்கரமே பிளைவுட்டும் கார்பன் இழையும்தான். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் இயந்திரத்தை முதல் ஜெட்டில் வைக்க வேண்டாம்.

பறக்கும் நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முழு த்ராட்டிலில் 70 ஆம்பியர் இழுத்தால் 4000 எம்ஏஹெச் மூன்றரை நிமிடம்கூடத் தாங்காது. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்கவும் வேண்டும். டைமரை மூன்றரை நிமிடத்துக்கு வைத்து, பாதி த்ராட்டிலில் அதிகம் பறங்கள்.

என் யோசனை இது: ஃபோம் ஜெட்டை வாங்கி ஒரு ஆறு மாதம் ஓட்டுங்கள், அதே மாதங்களில் மேஜையில் பால்சாவைக் கட்டுங்கள். ஃபோம் தேய்ந்ததும் விசிறி, இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ரிசீவர், பேட்டரி நான்கையும் அப்படியே பால்சாவுக்கு மாற்றிவிடலாம். 70 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் விசிறிக் கூட்டின் வெளிவிட்டம் ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் மாறும். ஃபார்மர்களை, அதாவது உடற்பகுதியின் குறுக்குச் சட்டங்களை, ஒட்டுவதற்கு முன்பே ஃபோமிலிருந்து விசிறியைக் கழற்றி, உள்ளே ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.