பிஎஸ்/எம்டி "கியாரண்டி பேக்கேஜ்" வாங்கப்போகும் பெற்றோர் கொஞ்சம் நில்லுங்கள்

பிள்ளை ஹைஸ்கூலில் ஜூனியர் இயர் (பதினொன்றாம் வகுப்பு), டாக்டர் ஆக ஆசை, பிஎஸ்/எம்டி என்று டிகிரியும் மருத்துவமும் சேர்ந்த ஒரு படிப்பு இருப்பதாக யாரோ சொன்னார்கள், நீங்களும் கன்சல்டண்ட் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். ஒரு கன்சல்டிங் நிறுவனத்திடம் 7,800 டாலர் கட்டினோம். பாதியை ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினோம், பாதியை கிரெடிட் கார்டில் கட்டினோம். அந்தப் பாதிக்கும் இந்தப் பாதிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பிறகு சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் மருத்துவம் படிக்க முதலில் 4 வருடம் ஏதாவது ஒரு டிகிரி முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, மறுபடி விண்ணப்பம் போட்டு மெடிக்கல் ஸ்கூலுக்குப் போக வேண்டும். பிஎஸ்/எம்டி (பிஎஸ் இளநிலைப் பட்டம், எம்டி இங்கே டாக்டர் ஆவதற்கான பட்டம்) என்றால் பன்னிரண்டாம் வகுப்பிலேயே இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பது. 6 வருடம், 7 வருடம், 8 வருடம் என்று இடத்துக்கு இடம் மாறும். மிசூரி கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 6 வருடம், பிரௌன் பல்கலைக்கழகத்தில் 8 வருடம். பிரௌனில் எம்கேட்டே தேவையில்லை. பிளஸ் டூ முடித்ததும் எம்பிபிஎஸ் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதுதான் சட்டென்று புரிகிற வழி, அதனால்தான் இதன் மேல் நம் ஆட்களுக்கு ஒரு கண். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். பிரௌனின் இந்த புரோகிராமுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் போகிறது, வருடத்துக்குச் சேர்பவர்கள் நூறு பேர் கூட இல்லை. இவ்வளவு குறைவான இடத்துக்கு ஒருவர் "கியாரண்டி" தருகிறார் என்றால் எங்கிருந்து தருகிறார் என்று கேட்க வேண்டாமா?

கேட்டோம். ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் போட்டிருந்தார்கள், பேசியவர் நல்ல தமிழில் பேசினார், வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் படம் ஸ்லைடு ஸ்லைடாக ஓடியது. "அக்கா, பாப்பா மார்க்குக்கு குறைந்தது ரெண்டு இடம் கியாரண்டி, எழுதியே தர்றேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளைப் பிறகு நிதானமாகப் படித்தால், கியாரண்டி என்பது "குறைந்தது இரண்டு கல்லூரிகளில் அனுமதி" என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கல்லூரி, பிஎஸ்/எம்டியா சாதாரண பிஎஸ்ஸா என்று ஒரு வார்த்தை கிடையாது. என் மகளின் மதிப்பெண்ணுக்குச் சாதாரண பிஎஸ் அனுமதி இவர்கள் இல்லாமலேயே வந்திருக்கும். ஐஈசிஏ என்று தனியார் கல்வி ஆலோசகர்களின் சங்கம் ஒன்று உண்டு, அதன் உறுப்பினர்கள் அனுமதிக்கு உத்தரவாதம் தரக்கூடாது என்பது அவர்களுடைய நடத்தை விதி. ஆகவே கியாரண்டி என்ற சொல் வந்தாலே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது விசா. எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை, மகள் ஹெச்-4, அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருகிற விசா. முதல் நாள் நிரப்பிய படிவத்திலேயே அதை எழுதியிருந்தோம். அக்டோபர் பாதியில், அதுவும் நாங்கள் நச்சரித்த பிறகு, கல்லூரிப் பட்டியல் வந்தது. அதில் டிசிஎன்ஜே (நியூ ஜெர்சி கல்லூரி) இருந்தது, நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் இருந்தது. இந்த இரண்டு புரோகிராமுக்கும் சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு வேண்டும். அவர்கள் தளத்தில் தகுதிப் பகுதியிலேயே போட்டிருக்கிறது, படிக்க ஒரு நிமிடம் ஆகாது. நார்த்வெஸ்டர்ன் இருந்தது, அங்கே இந்த புரோகிராமுக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதாவது வருடக்கணக்காக ஒரே எக்செல் கோப்பை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போன் பண்ணிக் கேட்டால் வந்த பதில் இது: "அதெல்லாம் பெருசா பார்க்க மாட்டாங்க அக்கா, எசே நல்லா இருந்தா போதும்."

பார்ப்பார்கள். அரசு மெடிக்கல் ஸ்கூல்கள் பலவற்றில் கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு இடமே இல்லை. ஹெச்-4 பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் இரண்டு இருக்கிறது, எந்த கன்சல்டண்டும் தானாகச் சொல்வதில்லை. ஒன்று, 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும், ஏழெட்டு வருடப் படிப்பின் நடுவில்தான் அந்த வயது வரும், எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது அந்தப் பிள்ளைக்கு ஒதுக்கிய மெடிக்கல் சீட்டு என்ன ஆகும் என்று புரோகிராம் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு, ஃபெடரல் கல்விக் கடன் ஹெச்-4க்கும் கிடையாது, எஃப்-1க்கும் கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்குப் பிரௌன் மாதிரி வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிற ஒரு சில இடங்கள்தான் மிச்சம். அந்தச் சில இடங்களைத் தேடித் தருவதற்குத்தான் பணம் கொடுத்தோம். தேடியது கடைசியில் என் கணவர், இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து.

சரி, எசே என்கிற விண்ணப்பக் கட்டுரையாவது ஒழுங்காக இருந்ததா என்றால், அதுதான் உச்சம்.

"ஏன் மருத்துவம்" என்று ஒரு கேள்வி கிட்டத்தட்ட எல்லா புரோகிராமும் கேட்கும். மகள் எழுதிய கட்டுரை அவள் தம்பிக்கு நட் அலர்ஜி வந்து பள்ளி நர்ஸ் எபிபென் என்ற அவசர ஊசியைப் போட்ட நாளைப் பற்றியது. பெரிய இலக்கியம் இல்லை, ஆனால் அவளுடையது. "திருத்தி" அனுப்புகிறோம் என்றார்கள். திரும்பி வந்ததில் தம்பி இல்லை, நர்ஸ் இல்லை. கிராமத்தில் ஒரு தாத்தா, பார்க்கின்சன் நோய், நடுங்கும் கையோடு பேத்திக்குச் சோறு ஊட்டுகிறார், அருகில் ஆஸ்பத்திரி இல்லை, பேத்தி அந்தக் கையைப் பிடித்தபடி சபதம் எடுக்கிறாள். என் அப்பாவும் சரி, மாமனாரும் சரி, இவள் பிறப்பதற்கு முன்பே காலமானவர்கள். "அம்மா, இது யார் தாத்தா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது.

இதைத் தமிழ்ப் பள்ளியில் இன்னொரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் முகம் மாறிவிட்டது. அவர் மகனும் அதே நிறுவனம். அவனுக்கு வந்த கட்டுரையில் தாத்தாவுக்குப் பதில் பாட்டி, பார்க்கின்சனுக்குப் பதில் சர்க்கரை நோய், மற்றபடி முதல் பத்தி அப்படியே வரிக்கு வரி. இரண்டு பேருமே ஒரே புரோகிராமுக்கு அதை அனுப்பப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்து படிப்பவர் ஒரே ஆளாக இருந்தால்?

இதற்கு மேல் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் தளம்) கடவுச்சொல்லையும் கேட்டார்கள், "நாங்களே சப்மிட் பண்ணிடுறோம், டென்ஷன் இல்ல" என்று. கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த விண்ணப்பத்தின் கடைசியில் இதில் உள்ளது எல்லாம் என்னுடைய சொந்த வேலை, உண்மை, பொய் என்றால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று மாணவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து கன்சல்டண்டுடையது இல்லை, பிள்ளையுடையது. 2019-ல் ரிக் சிங்கர் என்ற ஆலோசகரின் கல்லூரி அனுமதி மோசடி வெளியே வந்தது. அவருக்கு 2023-ல் மூன்றரை வருடச் சிறை கிடைத்தது உண்மைதான், ஆனால் அதற்கு வெகு முன்பே யேலும் ஸ்டான்ஃபோர்டும் தலா ஒரு மாணவரை வெளியே அனுப்பிவிட்டன.

நடுவில் "ரிசர்ச் பேப்பர்" என்று தனியாக 2,000 டாலருக்கு ஒரு வியாபாரமும் பேசினார்கள். எட்டு வாரத்தில் பிள்ளை பெயரில் மருத்துவ ஆய்வுக் கட்டுரை, ஜர்னலில் வெளிவரும். பணம் கட்டினால் யார் கட்டுரையையும் போடுகிற ஜர்னல்கள் அவை. மருத்துவர்கள் நடத்தும் நேர்முகத்தில் "உன் ஆய்வு முறையைச் சொல்லு" என்று ஒரு கேள்வி வந்தால் பிள்ளை என்ன சொல்லும்? வேண்டாம் என்றதும் "போட்டி உங்களுக்குப் புரியலை அக்கா" என்று ஒரு குத்தல்.

இப்போது பணம். ஹோட்டல் ஹால் மாதிரி தற்காலிக இடத்தில் வைத்து 130 டாலருக்கு மேல் உங்களிடம் எதையாவது விற்றால், மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்ய எஃப்டிசி (ஃபெடரல் அரசின் வர்த்தக ஆணையம்) விதி இடம் தருகிறது. சேவைகளுக்கும் பயிற்சிகளுக்கும் கூட இது பொருந்தும். ரத்துப் படிவத்தை விற்பவரே இரண்டு பிரதி தர வேண்டும். எங்களுக்குத் தரவில்லை, அந்த ஹாலில் யாருக்குமே தரவில்லை. முழுக்க ஆன்லைனிலோ போனிலோ பேசி முடித்த விற்பனைக்கு இது கிடையாது, அதைக் கவனியுங்கள்.

கார்டில் கட்டிய பாதிக்கு வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது அந்தக் கட்டணத்தை மறுத்து முறையீடு, போட்டோம். சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மெண்ட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால்தான் சட்டப் பாதுகாப்பு. கார்டில் போனது இரண்டாம் தவணை, அதைக் கட்டியது அக்டோபரில் என்பதால் தப்பித்தோம். தகுதியே இல்லாத புரோகிராம்கள் உள்ள பட்டியல், அந்த புரோகிராம்களின் தகுதிப் பக்கங்கள், இரண்டு தாத்தா பாட்டி கட்டுரைகள் (அந்தப் பையனின் பெற்றோர் சம்மதத்தோடு), இவ்வளவுதான் இணைத்தோம். திரும்பக் கிடைத்தது. ஸெல்லில் போனதற்கு வங்கி கையை விரித்துவிட்டது. நீங்களே அனுப்பிய பணம், கையில் எடுத்துக் கொடுத்த ரொக்கம் மாதிரிதான் என்கிறார்கள். ஸெல்லில் கட்டினால் 5% தள்ளுபடி என்று அவர்கள் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: வாடிக்கையாளர் பொதுவெளியில் எதிர்மறையாக எழுதினால் 5,000 டாலர் அபராதம். இதைக் காட்டித்தான் அந்த இன்னொரு அம்மாவை இவ்வளவு நாள் வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீட்டுகிற அச்சடித்த ஒப்பந்தத்தில் உண்மையான விமர்சனத்தைத் தடுக்கும் வரி செல்லாது என்று 2016-லேயே ஃபெடரல் சட்டம் வந்துவிட்டது, பயப்படாதீர்கள். நியூ ஜெர்சி நுகர்வோர் விவகாரத் துறையில் ஒரு புகார், எஃப்டிசியில் ஒரு புகார் கொடுத்திருக்கிறோம். அந்தக் குடும்பமும் தனியாகக் கொடுத்திருக்கிறது.

உங்களுக்கு உதவி வேண்டும் என்றால் எல்லா கன்சல்டண்டும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு கட்டுரையைப் படித்து "இந்த இடம் புரியவில்லை" என்று மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கடைசியில் எங்களுக்கு உதவியதும் அப்படி ஒருவர்தான். புரோகிராம் பட்டியலை ஏஏஎம்சி (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம்) தளத்திலேயே பார்க்கலாம். ஒவ்வொரு புரோகிராமின் பக்கத்திலும் போய் குடியுரிமை, மாநிலம், கல்லூரியில் எடுக்க வேண்டிய ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), எம்கேட் உண்டா, கடைசித் தேதி எல்லாவற்றையும் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண விண்ணப்பத்துக்கு ஜனவரி வரை நேரம் இருக்கிற கல்லூரியில் கூட பிஎஸ்/எம்டிக்கு மட்டும் நவம்பரிலேயே கதவை மூடிவிடும் வழக்கம் உண்டு. மெடிக்கல் சீட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்றாலும் ஜிபிஏ குறைந்தால் அது போய்விடும், அதையும் பிள்ளையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

மகள் கடைசியில் தம்பியைப் பற்றிய அந்தக் கட்டுரையைத்தான் அனுப்பினாள். எங்கள் ஒப்பந்தத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை அழித்துவிட்டு அனுப்புகிறேன்.