சைக்கோசிஸ் அபாயத்தைத் தேட எம்ஆர்ஐயா, பெட் ஸ்கேனா?

சைக்கோசிஸ் என்றால் எது நிஜம் என்ற உணர்வு குலைந்துபோகும் மனநோய் நிலை. அதன் காரணத்தை மரபணு பக்கம் தேடுகிறீர்கள் என்றால் என் ஓட்டு எம்ஆர்ஐக்குத்தான். கதிர்வீச்சு இல்லாததால் சிறுவர்களைக்கூட ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுக்கலாம். பல நாட்டுப் படங்களை ஒன்றாகச் சேர்க்கவும் முடியும். மரபணு ஆய்வுக்கு அப்படிப் பெரும் எண்ணிக்கையில் ஆட்கள் தேவை. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் பின்னாளில் சைக்கோசிஸ் வருகிறது. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு இவர்களின் படங்களைத் திரட்டிப் பார்த்தது. மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) பரப்பு குறைவு, தடிமனோ கூடுதல்!

பெட் செலவு பிடித்த வேலை. கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும், அதனால் ஓர் ஆய்வில் பெரும்பாலும் சில பத்துப் பேர்தான். சரி, பிறகு எதற்கு அது? சைக்கோசிஸோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளை எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதை எம்ஆர்ஐயால் நேரடியாக அளக்க முடியாது, பெட்டால் முடியும். நோய் முழுதாக வரும் முன்பே, லேசான அறிகுறிகள் இருப்பவர்களின் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்மூளைப் பகுதியில் அந்த உற்பத்தித் திறன் கூடியிருப்பதை 2009-ல் ஒரு லண்டன் ஆய்வு காட்டியது.

சூழல் காரணங்களில்தான் பெட் இன்னும் சுவாரசியம். சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்களிடமும், லண்டன், டொராண்டோ ஆய்வுகளில் புலம்பெயர்ந்தவர்களிடமும் டோபமைன் செயல்பாடு கூடுதலாகவே தெரிந்தது. கஞ்சா மட்டும் கணக்கைக் கவிழ்த்தது: நெடுநாள் புகைத்தவர்களிடம் உற்பத்தித் திறன் குறைவு. மூளையின் வடிவத்தை மட்டும் படமெடுத்திருந்தால் இந்த முரண் கண்ணில் பட்டிருக்காது.