வீடு கட்டும் நூல்கள்: வாங்கும் முன் திருப்பிப் பார்க்க வேண்டிய பக்கங்கள்

ஒரு கட்டுமான நூல் எவ்வளவு உழைத்தது என்பதை அதன் அழுக்கே சொல்லிவிடும். கம்பி எடைப் பட்டியல், கலவை விகிதம், சென்ட்ரிங் (காங்கிரீட் இறுகும் வரை தாங்கும் தற்காலிக அடைப்பு) பிரிக்கும் நாள் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களும் சிமென்ட் கறை படிந்து, மடிப்பில் கிழிந்து கிடக்கும். வாஸ்து அத்தியாயமும் வண்ணப் படங்களும் வாங்கிய அன்று போலவே பளபளக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வேலைகளில் பல வருடம் புழங்கிய நூல்களை வைத்து எழுதியது இது. நூலின் பெயரைவிடப் பதிப்பு வருடம் முக்கியம். அதைவிட முக்கியம் கீழே சொல்லும் பக்கங்கள். கடையிலேயே நின்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் லேப், அதாவது ஒரு கம்பி முடியும் இடத்தில் அடுத்த கம்பியைப் பக்கத்தில் வைத்துக் கட்டும் ஒட்டு நீளம் சொல்லும் பக்கம். எம்20 என்ற வலிமைத் தரத்துக் காங்கிரீட்டில் கம்பி விட்டத்தைப்போல் 47 மடங்கு என்று மட்டும் போட்டிருந்தால் அது எஃப்இ 415 என்ற வலிமைத் தரத்துக் கம்பிக்கான கணக்கு. 12 எம்எம் கம்பிக்கு 564 மி.மீ. வரும். இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது 500, 550 தரக் கம்பிகள். அதே காங்கிரீட்டில் 500க்கு 57 மடங்கு, அதாவது 684 மி.மீ. 550க்கு 62 மடங்கைத் தாண்டி ஏறக்குறைய 750 மி.மீ. ஆகிவிடும். கம்பி கூடுதல் இழுவிசை தாங்குகிறது, ஆனால் அதைப் பிடித்திருக்கும் காங்கிரீட்டின் பிடிப்பு கூடவில்லை. அதனால் உள்ளே கூடுதல் நீளம் போக வேண்டும். பழைய நூலைப் பார்த்து வெட்டினால் 500 கம்பியில் ஒவ்வொரு ஒட்டிலும் 12 செ.மீ. குறையும். காங்கிரீட் போட்ட பிறகு இது யார் கண்ணிலும் படாது.

அடுத்து கம்பி எடை. எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டியதில்லை. விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 8 எம்எம் 0.395, 12 எம்எம் 0.889. பட்டியலில் இரண்டு வரியைச் செல்போனில் போட்டுப் பாருங்கள். அச்சுப்பிழை அங்கே இருந்தால் மற்ற பக்கங்களும் அப்படித்தான் இருக்கும். நல்ல நூல் எடையில் எவ்வளவு குறையலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும்: கம்பிக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 1786 படி மொத்தமாக எடை போடும்போது 10 எம்எம் வரை 7 சதவீதம், 16 வரை 5, அதற்கு மேல் 3. இந்த வரி இல்லாமல் எடைமேடையில் நின்று கடைக்காரரிடம் பேச முடியாது.

மூன்றாவது சன்ஷேடு, அதாவது ஜன்னலுக்கு மேல் சுவரிலிருந்து நீட்டும் காங்கிரீட் பலகையின் படம். முக்கியக் கம்பி மேல்புறம் இருக்க வேண்டும். தொங்கும் பலகையில் மேல்பக்கம்தான் இழுபடும். கீழே வரைந்திருந்தால் நூலை அப்படியே மூடி வைத்துவிடலாம். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மேல்கம்பியை மிதித்து இறக்கிவிடுவார்கள், அதனால் அடியில் முட்டுக்கம்பி கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதியிருந்தால் அது தளத்தில் நின்ற ஆள் எழுதியது.

மணல் அத்தியாயத்தில்தான் பழைய நூல்கள் அதிகம் வழுக்குகின்றன. ஆற்று மணலை வைத்தே எல்லாம் எழுதியிருப்பார்கள். ஜல்லி, மணலுக்கான தரநூல் ஐஎஸ் 383இன் 1970 பதிப்பு இயற்கையாகக் கிடைக்கும் ஜல்லி, மணலை மனதில் வைத்து எழுதியது. எம்-சாண்டு, அதாவது பாறையை நொறுக்கிச் செய்யும் மணல், அந்தத் தரநூலுக்குள் தெளிவாக வந்தது 2016 பதிப்பில்தான். நம் பக்கம் கிரஷர் மணல் இல்லாமல் வேலையே இல்லை என்பதால், 2016க்கு முந்தைய நூலின் மணல் அத்தியாயத்தைப் படிக்காமல் விடுவதே மேல். நொறுக்கிய மணலில் 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி 20 சதவீதம் வரை இருக்கலாம் என்பது புதிய நூலில் இருக்க வேண்டும். பூச்சுக்கான பி-சாண்டைத் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் அளவை 0.55, 0.6 என்று சிமென்ட் எடைக்கு விகிதமாக மட்டும் கொடுக்கும் நூல் தளத்தில் உதவாது. கொத்தனாருக்கு லிட்டர் வேண்டும். காங்கிரீட் தரநூலான ஐஎஸ் 456, பட்டியல் விகிதத்தில் போடும் எம்20 கலவைக்கு (நாமினல் மிக்ஸ்) 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் சொல்கிறது. அதில் மணலில் உள்ள ஈரத்தைக் கழிக்க வேண்டும். ஒரு மூட்டைக்குப் போகும் மணல் சுமார் 80 கிலோ என்றால், கழுவி ஈரமாக வந்த எம்-சாண்டில் 4 சதவீத ஈரம் 3 லிட்டருக்கு மேல். ஆக டிரம்மில் ஊற்ற வேண்டியது 27க்குள். இந்தக் கழித்தலைச் செய்து காட்டும் நூல் அரிது. கிடைத்தால் விலை பார்க்க வேண்டாம்.

அடித்தளம் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சென்னைக் களிமண்ணையோ கரிசலையோ நினைத்து எழுதுகிறார்கள். இந்த வட்டாரத்தில் பல இடங்களில் பிரச்சினை வேறு. நாலடியில் ஒரு மூலையில் பாறை தட்டும், எதிர்மூலையில் செம்மண்ணே தொடரும். பாதி பாறைமேலும் பாதி மண்மேலும் உட்கார்ந்த கடைக்கால் மண் பக்கம் மட்டும் இறங்கும், சுவர் சாய்வாக வெடிக்கும். சரிவான பாறையைப் படிபோலச் செதுக்குவது, துளையிட்டுக் கம்பி நடுவது, மண் பக்கம் கெட்டி கிடைக்கும் வரை தோண்டி நிரப்புவது ஆகியவை இல்லாத அடித்தள அத்தியாயம் இங்கே பாதிதான். கருங்கல் கட்டுக்கும் அப்படியே. சுவரின் இரு முகத்தையும் பிணைக்கும் குறுக்குக்கல் அரை சதுர மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். பாலக்கோட்டிலும் பர்கூரிலும் கடைக்கால் கருங்கல்லில் எழும்போது, செங்கல்லுக்கு நாற்பது பக்கமும் கல்லுக்கு ஒன்றரைப் பக்கமும் ஒதுக்கிய நூலை வைத்து என்ன செய்வது?

செங்கல் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். கன மீட்டருக்கு 500 என்பது 190 × 90 × 90 மி.மீ. கல்லுக்கு, 10 மி.மீ. கலவையோடு. சூளையில் வரும் கல் 215 × 100 × 65 என்று அளந்தால் அதே இடத்துக்கு 540 வரை போகும். சாலிட் பிளாக் 400 × 200 × 200 என்றால் 8 அங்குலச் சுவரில் சதுர மீட்டருக்கு 11.6. கணக்குப் போடும் வழியைச் சொல்லும் நூல் போதும், விடையை மட்டும் சொல்வது வேண்டாம்.

க்யூரிங், அதாவது காங்கிரீட்டை நனைத்து வைப்பது, 7 நாள் என்று முடித்துவிட்டால் அது ஓபிசி என்ற சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு மட்டும். பிபிசி (போசலானா கலந்த சிமென்ட்) என்றால் 10 நாள், காய்ந்த வெயிலில் 14. சென்ட்ரிங் பிரிக்கும் நாட்களும் ஓபிசியை வைத்தே அச்சாகின்றன: 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள கூரை ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பிபிசிக்குக் கூட்ட வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள்.

விலைவாசிப் பட்டியலுக்காக எந்த நூலையும் வாங்க வேண்டாம், அது ஒரு வருடத்தில் செத்துவிடும். ஒரு யூனிட் வேலைக்கு எவ்வளவு சிமென்ட், எத்தனை ஆள் என்ற அளவுப் பட்டியல் நிற்கும். அனுமதி விதிகள் என்றால் 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு முந்தையதைத் தொட வேண்டாம்.

மொழியும் ஒரு சிக்கல். தமிழில் விட்டம் என்றால் உத்தரமும் உண்டு, கம்பியின் குறுக்களவும் உண்டு. ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் அதே சொல்லைப் போட்டால் மேஸ்திரி குழம்பாமல் என்ன செய்வார்? பீம், டயா என்று எழுதும் நூல் தமிழ் ஆர்வலர்களுக்குப் பிடிக்காது, தளத்தில் பிழை குறையும்.

ஐஎஸ் தரநூல்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆகவே அவற்றையே மறுஅச்சிட்ட பக்கங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பசை போட்டு ஒட்டிய அட்டை ஒரு கோடையில் உதிரும், நூலிழையால் தைத்த கட்டு தாங்கும். எப்படியும் முழு நூல் தளத்துக்குப் போகக்கூடாது. லேப், கலவை, சென்ட்ரிங் ஆகிய மூன்று பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து, சிமென்ட் அடுக்கிய கொட்டகைக் கதவின் உள்பக்கம் அடித்துவிடுங்கள்.