குறைமாதப் பிள்ளைக்கு இன்குபேட்டரா, அம்மாவின் நெஞ்சா?

வன்னியில் பிள்ளை முந்திப் பிறந்தால் வீட்டார் முதலில் கேட்பது இன்குபேட்டர் எனும் சூட்டுப் பெட்டியைத்தான்.

சூடு: பெட்டிக்கு கரண்ட் வேண்டும், நெஞ்சுக்கு வேண்டாம். இலக்கு ஒன்றே, பிள்ளையின் உடல்சூடு 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ்.

முறை: பெட்டியைத் தாதி பார்ப்பார். நெஞ்சில் என்றால் நெப்பி, தொப்பி, காலுறை மட்டும். தோலோடு தோல் நிமிர்த்தி, கால்களைத் தவளைபோல் மடக்கித் துணியால் கட்டவேண்டும். தலை ஒருபக்கம் திரும்பியிருக்கட்டும். பிள்ளையின் நாடி (முகவாய்) அதன் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும், பலர் தவறுவது இங்கேதான்.

நேரம்: நாளுக்கு 8 மணித்தியாலமாவது. அம்மா குளிக்கப் போனால் அப்பாவோ அம்மம்மாவோ கட்டலாம்.

பால்: நெஞ்சில் கிடந்தால் சுரப்பும் கூடும்.

செயற்கைச் சுவாசம் தேவையென்றால் பெட்டி. தானாக மூச்சுவிடும் பிள்ளைக்கு, பிறந்தவுடனேயே நெஞ்சு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதும் இதுவே.