மூக்குத் தண்டு அறுவை சிகிச்சை: கத்திக்கு முழு மதிப்பெண், கணக்குக்குப் பாதி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவனுக்கு மூக்கடைத்தால், வருகிறவர் போகிறவரெல்லாம் மரத் தூசியைத்தான் குற்றம் சொல்வார்கள். எனக்கோ வருடம் முழுக்க இடப்பக்கம் மட்டும்தான் அடைக்கும். தூசிக்கு இடம் வலம் தெரியுமா?

ஊரிலேயே உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோபிக் குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு துளைக்கும் நடுவே தடுப்பாக நேரே நிற்க வேண்டிய தண்டு இடப்பக்கம் புடைத்து, பக்கச் சுவரை முட்டிக்கொண்டிருந்தது. எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்காமல் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். அது சவ்வின் வீக்கத்தை வற்றவைக்கும், வளைவை நிமிர்த்தாது என்பதையும் மறைக்கவில்லை. அதற்கும் அடைப்பு விடாததால்தான் அறுவை சிகிச்சை.

முழு மயக்கம் கொடுத்து, மூக்கின் உள்ளேயே கீறி, சவ்வை விலக்கி, கோணலான குருத்தெலும்பையும் எலும்பையும் திருத்திவிட்டு, சவ்வை மறுபடி போர்த்தித் தைத்தார்கள். வெளியே ஒரு கீறல் கிடையாது. கைவேலையில் நான் குறை சொல்ல மாட்டேன்.

குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். கண் விழித்தால் இரண்டு துளையிலும், ரத்தம் கசியாமலிருக்கத் திணித்த அடைப்புப் பொதி. இரவு முழுக்க வாயால் மூச்சு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நர்ஸைக் கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தான் ஐயா" என்றார். அதை முதல் நாளே சொன்னால் என்னவாம்? மறுநாள் பொதியை உருவியபோது கண்ணில் நீர் கொட்டியது. மேல் முன்பற்கள் வேறு மரத்துப்போயிருந்தன. பதறிப்போய்க் கேட்ட பிறகே, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள்.

அடுத்து பில். தண்டு நிமிர்ந்து நிற்க உள்ளே வைத்த சிலிக்கோன் தகடு, முதலில் சொன்ன தொகையில் இல்லை. தனி வரியாக வந்தது. தூணுக்கு விலை பேசி முடித்துவிட்டு, அடிக்கல்லுக்குத் தனியாகக் கேட்டால் என் கடையில் எவன் நிற்பான்?

வீட்டில் உப்புநீரால் கழுவக் கழுவப் பொருக்கு பொருக்காக வந்தது. மூக்கைச் சிந்தவே கூடாது என்று உத்தரவு. சில வாரங்களில் இடப்பக்கம் காற்று ஓடியது. குறட்டை குறைந்ததை வீட்டில் ஒப்புக்கொள்கிறார்கள், நின்றதென்று சொல்லவில்லை. பழைய நிலைக்கதவைத் துடைத்தால் இன்றும் தும்மல்தான். ஒவ்வாமை வேறு, வளைவு வேறு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பொதி எத்தனை நேரம் இருக்கும், தகடு எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு படுங்கள்.